மூன்றாம் கோடு

ஏழாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் எனக்குக் கிடைத்த தலைப்பு ‘அடர்த்தி’. அதுவரை அந்தச் சொல்லைத் தலைமுடி எண்ணெய் விளம்பரத்தில்தான் கேட்டிருந்தேன். பள்ளியில் பாலின் அடர்த்தியை அளக்கும் ஒரு பால்மானியைக் கொடுத்து, உடைந்தால் அப்பாவை அழைத்து வர வேண்டும் என்றார்கள். அந்தக் கண்ணாடிக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு ஆவடி குவார்ட்டர்ஸ் வரை ஷேர் ஆட்டோவில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

விஷயம் எளிதுதான். அடர்த்தியான திரவத்தில் குழாய் மிதந்து நிற்கும். அடர்த்தி குறையக் குறைய உள்ளே இறங்கும். நல்ல பாலில் ‘எம்’ என்ற கோடு வரை இறங்கும். அதைத் தாண்டி ‘3’ என்று போட்ட மூன்றாம் கோடு வரை போனால் முக்கால் பங்கு பால், கால் பங்கு தண்ணீர்.

தம்பி கைக்குழந்தை. அவனுக்காகக் கோவில்பதாகையிலிருந்து பால்கார அக்கா தினமும் எருமைப்பால் கொண்டுவருவாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஊற்றிய பாலை, கறந்த சூடு ஆறும் முன்பே, கழுத்து வெட்டிய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் குழாயை விட்டேன். எம்மைத் தாண்டி மூன்றில் போய் நின்றது.

“அம்மா, பால்ல கால்வாசி தண்ணி!”

படியிறங்கிக்கொண்டிருந்த அக்கா திரும்பி வந்தாள். எதிர்வீட்டு அத்தையும் கதவைத் திறந்தாள்.

“இன்னா பாப்பா சொல்ற?” என்று அக்கா பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். “பாலு சூடா கீது. ஆறட்டும், அப்பால போட்டுப் பாரு.”

நேரம் கடத்துகிறாள் என்று நினைத்தேன். அத்தை அதை வாய்விட்டே கேட்டாள்: “ஏம்மா, ஆறினா தண்ணி ஆவியாப் போயிடுமா?”

மாடிப்படியில் யாரோ சிரித்தார்கள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தம்பியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணிக்குப் பாட்டிலைக் கழுவப் போனேன். பால் நன்றாக ஆறியிருந்தது. சும்மா ஒரு தரம் குழாயை விட்டேன். எம்மில் நின்றது. கலக்கிவிட்டு மறுபடியும் விட்டேன். எம்தான். மூன்றாம் தரமும் அதேதான். எப்படியோ குழாயைக் கெடுத்துவிட்டேன், அப்பா பள்ளிக்கு வந்து நிற்கப்போகிறார் என்றுதான் தோன்றியது. பாலைத் தொட்டியில் கொட்டிவிட்டு, குழாயைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல வந்தாள். அவள் குரல் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா, “நாளையிலேர்ந்து வேணாம்மா, பாக்கெட் பாலே வாங்கிக்கிறோம்” என்றாள். எதிர்வீட்டிலும் அதே பதில். அவள் செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்காட்சி அட்டையில் அக்காவின் பாலுக்கு ‘மூன்றாம் கோடு’ என்றே எழுதினேன். பரிசும் கிடைத்தது. குழாயைத் திருப்பிக் கொடுத்தபோது யாரும் அதைச் சோதிக்கவில்லை.

குழாயின் உள்ளே சின்ன எழுத்தில் ‘27’ என்று இருந்ததை ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைத்திருந்தேன். அது குழாய் சரியாகக் காட்டும் வெப்பநிலை என்றும், அதைவிடச் சூட்டில் பாலின் அடர்த்தி குறையும் என்றும் கல்லூரி ஆய்வகத்தில் தெரிந்தபோது காதெல்லாம் சுட்டது. என் தலைப்புக்கான விடையை அக்கா அன்றைக்கே வாசலில் நின்று சொல்லியிருந்தாள். எனக்கு அது சாக்காகத்தான் கேட்டது.