லைன் விடாத வீடு

என் சித்தப்பாவை ஆபீசில் கீச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். டெலிபோன் வழியாக இன்டர்நெட் வந்த காலம் அது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு கேபிள், கேபிளின் மறுமுனையில் மோடம் என்கிற சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து டெலிபோன் லைன். நம்பரைச் சுழற்றியதும் இரண்டு பக்கத்து மோடமும் ஒன்றைப் பார்த்து ஒன்று கீச்சென்று கத்தும். அந்தக் கத்தலைச் சித்தப்பா வாயாலேயே செய்து காட்டுவார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சித்தி முந்திக்கொண்டு, "தயவுசெஞ்சு ஆரம்பிச்சுடாதீங்க" என்பார்.

அவர் வேலை பார்த்தது சின்னக் கம்பெனி. ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் முதலாளி. இன்னொன்றில் அலமாரி முழுக்க மோடம், மோடம் முழுக்கச் சிவப்பு விளக்கு, ஓயாமல் சுற்றும் ஒரு ஃபேன், நடுவில் சித்தப்பா. வாடிக்கையாளர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் டயலர் மென்பொருளை அந்த ஊர் லைன்களுக்குத் தோதாகத் திருத்தி, வீடு வீடாகப் போய் ஏற்றி வைப்பது அவர் வேலை.

அந்த டயலர் என்ன செய்கிறது என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். "நம்பரைச் சுத்தும். அந்தப் பக்கம் எடுத்ததும் பேரைச் சொல்லும், பாஸ்வேர்டைச் சொல்லும். சரியா இருந்தா ஒரு அட்ரஸ் கொடுப்பாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் சும்மா இருந்தாலும் அப்பப்ப 'இருக்கியா?'ன்னு கேட்டுக்கும். 'இருக்கேன்'னு பதில் வரணும். கேட்டுக் கேட்டுப் பதில் வரலைன்னா ஆள் போயாச்சுன்னு அர்த்தம். லைனை விட்டுட்டு மறுபடி சுத்த வேண்டியதுதான்."

ஒருநாள் முதலாளி அலமாரியின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூலையில் இருந்த ஒரு மோடத்தின் விளக்கு மாதக்கணக்கில் அணையவே இல்லை.

"யாரு கீச்சு இது, கல்லுளிமங்கன் மாதிரி லைனைப் பிடிச்சுக்கிட்டு?"

"தையல் டீச்சர் வீடு சார். ரிட்டயர் ஆனவங்க. பொண்ணு வெளியூர்ல இருந்து கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பியிருக்கு."

"அப்படி என்னதான் பண்றாங்க?"

சித்தப்பா திரையைப் பார்த்தார். ஒரு கடிதம் போகவில்லை, ஒரு படம் வரவில்லை. இருக்கியா, இருக்கேன். இருக்கியா, இருக்கேன். அவ்வளவுதான் அந்த லைனில் ஓடிக்கொண்டிருந்தது.

"போய் என்னன்னு பார்த்துட்டு வா. சும்மா இருக்கிறவங்க லைனை விடட்டும், நாலு பேர் உபயோகிக்கலாம்" என்றார் முதலாளி.

சாயங்காலம் சித்தப்பா அந்த வீட்டுக்குப் போனார். ஓட்டு வீடு, முன்னால் இரும்பு கேட், உள்ளே சுத்தமான கூடம். ஒல்லியான அம்மாள், மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. "உட்காருங்க தம்பி, டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனார். கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருந்தது. துணிக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. வந்த வேலையைப் பார்ப்போம் என்று சித்தப்பா மோடத்திலிருந்து டெலிபோன் ஒயரைக் கழற்றினார்.

கழற்றிய கையை எடுப்பதற்குள் போன் அடித்தது.

"எடுக்காதீங்க!" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. அதற்குள் சித்தப்பா எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

ஒரு ஆண் குரல். சாதாரணமான குரல். பின்னால் தெருச் சத்தம், சைக்கிள் மணி. "எவ்வளவு நேரமா அடிக்கிறேன், யாரோட அப்படிப் பேச்சு? தெருமுனைக்கு வந்துட்டேன். சாமான் எல்லாம் வாங்கியாச்சு. வேற ஏதாவது வேணுமா?"

சித்தப்பா ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், உங்க வீட்டுக்காரர் பேசறார். தெருமுனைல இருக்காராம்" என்றார்.

டீச்சர் ஓடிவந்து போனில் ரிசீவர் உட்காரும் கட்டையை அழுத்தினார். அழுத்திய விரல் வெளுத்துப்போயிருந்தது. "ஒயரை மாட்டுங்க தம்பி. முதல்ல மாட்டுங்க."

சித்தப்பா மாட்டினார். டயலர் சுழற்றியது. மோடங்கள் கத்தி முடித்து, 'இருக்கேன்' என்று பதில் வந்த பிறகுதான் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க அவருக்குப் பதில் ஏதும் சொன்னீங்களா?"

"இல்லியே."

"நல்லவேளை. அவர் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு."

டீச்சர் சொன்னது இதுதான். கணவருக்குக் குடோனில் வேலை. தினமும் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போன் செய்வார். 'கிளம்பிட்டேன், ஏதாவது வாங்கிட்டு வரணுமா?' என்று கேட்பார். ஒருநாள் மத்தியானம் குடோனிலேயே மயங்கி விழுந்தார், எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பிப் போய், டீச்சர் தனியாக இருந்த ஒரு சாயங்காலம் போன் அடித்தது. 'கிளம்பிட்டேன். ஏதாவது வாங்கிட்டு வரணுமா?'

"பழக்க தோஷம் தம்பி. யாரு, என்னன்னு மனசு யோசிக்கறதுக்குள்ள வாய் சொல்லிடுச்சு. 'ஒண்ணும் வேணாம், நீங்க வந்தா போதும்'னு."

அதற்கு அடுத்த போன் பஸ் நிறுத்தத்திலிருந்து வந்தது. அதற்கடுத்தது பஸ்ஸை விட்டு இறங்கி, கடைத்தெருவிலிருந்து.

"ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சுப் பார்த்தேன். கீழ கிடந்துக்கிட்டே பேசுது. ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து, 'ஆன்ட்டி, எங்க வீட்டு நம்பருக்கு உங்களுக்குப் போன் வந்திருக்கு, அங்கிள் பேசறார்'ன்னுது. அது புதுசாக் குடி வந்த பொண்ணு, அதுக்கென்ன தெரியும். லைன்ல இந்தக் கம்ப்யூட்டர் மாதிரி நிஜமாவே ஏதாவது பேசிக்கிட்டிருந்து, எங்கேஜ்டு சத்தம் கேட்டா மட்டும்தான் அவர் நிக்கிறார். நான் யார்கூடவோ பேசிட்டிருக்கேன்னு நினைச்சுக்கறார். பேசி முடிக்கட்டும்னு பேசாம நிக்கிற மனுஷன் அவர். இருந்தப்பவும் அப்படித்தான்."

சித்தப்பா எதையும் சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. டீயைக் குடித்துவிட்டு நேராகத் தெருமுனைக்குப் போனார். காசு போட்டுப் பேசும் பழைய கூண்டு ஒன்று அங்கே இருந்தது. உள்ளே போன் இல்லை. அதை எப்போதோ பிடுங்கிப் போயிருந்தார்கள். சுவரில் நாலு ஆணி ஓட்டையும் ஒரு துண்டு ஒயரும்தான் மிச்சம். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வரும்போது, குறுகலான இடத்தில் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட்டால் நாம் எப்படி உடம்பைக் குறுக்கிக்கொண்டு வருவோமோ, அப்படி வந்தாராம். ஏன் அப்படி வந்தோம் என்று தெரு திரும்பிய பிறகுதான் யோசித்தாராம்.

முதலாளியிடம், "பொண்ணு எந்நேரம் வேணாலும் கூப்பிடும்னு பிடிச்சு வெச்சிருக்காங்க சார்" என்று ஒரு கதையை அளந்துவிட்டார். பிறகு டீச்சர் வீட்டு டயலரைத் தனியாகத் திருத்தினார். லைன் அறுந்தால் மறுபடி சுழற்றுவதற்கு முன் அது கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த இடைவெளிதான் ஆபத்து. அதை எடுத்துவிட்டார்.

ஆனால் மழையை அவரால் திருத்த முடியவில்லை. ஒரு பெருமழையில் எங்கோ கம்பம் சாய்ந்து லைன் போய்விட்டுத் திரும்ப வந்தது. டயலர் சுழற்றுவதற்குள் மணி முந்திக்கொண்டது. அது நிற்கிற பாடாக இல்லை. டீச்சர் எடுத்தார். வாய் திறக்காமல் கேட்டுவிட்டு வைத்தார். மறுநாள் சித்தப்பாவிடம், "கேட்டைத் திறந்துட்டாராம். வாசல்ல நிக்கிறேன்னார்" என்றார். கேட்டின் தாழ்ப்பாள் திறந்துதான் கிடந்தது. காற்றிலும் திறந்திருக்கலாம் என்று சித்தப்பா சொன்னார். டீச்சர் மறுக்கவில்லை. அன்றிலிருந்து முன்கதவு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு காலம் மாறியது. வேகமான இணைப்புகள் வந்தன. கம்பெனியில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது. கடைசியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. முதலாளி அலமாரியைப் பழைய சாமான்காரனுக்குப் பேசி முடித்தார். சித்தப்பா அந்த ஒரு மோடத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்து தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினார். டீச்சர் வீட்டு டயலரில் நம்பரை மாற்றி, தன் வீட்டு நம்பரைப் போட்டார். எங்கள் சித்தப்பா வீட்டு போன் அன்றோடு ஊமையானது.

சித்தி ஆடித் தீர்த்துவிட்டார். "யார் செத்தாலும் பொழைச்சாலும் இந்த வீட்டுக்குச் சேதி வராது! எங்கம்மா எதிர்க்கடைக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிடச் சொல்றாங்க. அப்படி யாருங்க அந்த டீச்சர்?"

சித்தப்பா முழுவதையும் சொன்னார். சித்தி கேட்டுக்கொண்டே இருந்தார். வெங்காயம் நறுக்கின கத்தி அப்படியே கையில் இருந்தது. கடைசியில் எழுந்து போய் மோடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கே. ஜன்னல் பக்கமா வைங்க, காத்து படட்டும்" என்றார். அதற்குப் பிறகு சித்தி போனைப் பற்றிப் பேசவே இல்லை.

வருடங்கள் அப்படியே ஓடின. காலையில் எழுந்ததும் சித்தப்பா திரையைப் பார்ப்பார். இருக்கியா, இருக்கேன். டீச்சர் நல்லபடியாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார். பதில் சொல்வது மோடம்தான், டீச்சர் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

ஒருநாள் முற்பகலில் டீச்சரே வந்து நின்றார். நன்றாகத் தளர்ந்திருந்தார். சித்தி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "போதும் தம்பி. இன்னிக்கு ஒயரை எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஏன் டீச்சர்? லைன் நல்லாத்தானே இருக்கு?"

"எத்தனை வருஷமா வாசல்லயே நிக்கிறார். கால் வலிக்காதா அவருக்கு?"

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பயமாத்தான் இருக்கு. சாயங்காலம் நீங்க கூட வந்து இருங்க, அது போதும்" என்றார் டீச்சர்.

சித்தப்பா போனார். அதே கூடம், அதே துணி போர்த்திய கம்ப்யூட்டர். டீச்சர் நல்ல புடவை கட்டியிருந்தார். சித்தப்பா ஒயரைக் கழற்றிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மணி அடிக்கவில்லை.

டீ ஆறியது. வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற சத்தம் வந்து ஓய்ந்தது. போன் அப்படியே இருந்தது. சித்தப்பாவுக்கு நெஞ்சு லேசானது. திரும்பிப் பார்த்தால் டீச்சர் முகம் வாடிப்போயிருந்தது.

"போயிட்டாரோ?" என்றார். "ரொம்பக் காக்க வெச்சுட்டேன்."

அப்போது கதவு தட்டப்பட்டது. கை உயரத்தில் இல்லை, கதவின் அடிப்பக்கத்தில். இரண்டு கையிலும் சாமானை வைத்திருக்கிறவர் காலால் தட்டுவது போல. வாசலில் நிற்கிறவர் எதற்காகப் போன் செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது.

டீச்சர் எழுந்து தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தார். சித்தப்பாவுக்கு வாசல் தெரிந்தது, கேட் தெரிந்தது, கேட்டுக்கு அப்பால் தெருவில் சாயங்கால வெயில் தெரிந்தது. ஆள் இல்லை. டீச்சர் இரண்டு கையையும் நீட்டினார். நீட்டிய கை கனம் தாங்காமல் ஒரு சாண் இறங்கியது.

"இவ்வளவா வாங்குவாங்க?" என்றார். "உள்ள வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

சொல்லிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "தம்பி, நீங்க பின்பக்கமாப் போயிடுங்க" என்றார்.

சித்தப்பா போய்விட்டார். செருப்பைக்கூட எடுக்கவில்லை, வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தார். டீச்சர் கதவைப் பாதி திறந்து, செருப்பை எடுத்துக் கொடுத்தார். முகம் தெளிவாக இருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. உள்ளே கூப்பிடவில்லை. "தூங்கறார்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் டீச்சர் பல வருடம் இருந்தார். மகள் வந்திருந்தபோது சித்தப்பாவைக் கடைத்தெருவில் பார்த்து நிறுத்தினாள். "அம்மா இப்ப நல்லா இருக்காங்க அங்கிள். தனியா இருக்கிற பயமே இல்லை. ஆனா என்னை மட்டும் ஒரு நாள்கூட வீட்டுல தங்க விடமாட்டேங்கறாங்க. ஹோட்டல்ல ரூம் போட்டுக்கன்னு சொல்றாங்க. பெத்த பொண்ணு நான்!" என்றாள். சித்தப்பா, வயசானால் அப்படித்தான் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

அவர் வீட்டு போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. சித்தியின் அம்மா தினமும் பேசினார். ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் சித்தப்பா விட்டுவிட்டார். எங்கே போனாலும், எவ்வளவு தாமதமானாலும், கிளம்பிவிட்டேன் என்று வீட்டுக்குப் போன் செய்ய மாட்டார். சோறு ஆறிப்போகிறது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று யாராவது கேட்டால், "வந்து நிக்கறேன் இல்ல, அப்புறம் என்ன?" என்பார். சித்தி சோற்றைச் சூடாக்கப் போவார்.