ஜெனீவாவுக்குப் போகாத தீர்மானம்

ஆயுதங்களைக் குறைப்பது பற்றி உலக அரசுகள் ஜெனீவாவில் கூடிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மன்னார்த் தீவில் அதைப் பற்றி என்னோடு பேச ஒருவரும் இருக்கவில்லை. கொழும்பில் படிப்பை முடித்துத் திரும்பியிருந்தேன். தபால் ரயிலில் வரும் செய்தித்தாளை நிலையத்திலேயே பிரித்து, வல்லரசுகளின் வாதங்களுக்கு மறுவாதம் தொடுத்தபடி கடற்கரையில் நடப்பேன். கேட்பதற்குக் கழுதைகளே இருந்தன. அவை நல்ல அவையினர். இடையில் எழுந்து போவதில்லை.

அம்மாநாட்டையொட்டி ஜெனீவாவில் இளைஞர் கூட்டமொன்று நடக்கவிருந்தது. அதற்கு இலங்கையிலிருந்து ஒருவரை அனுப்பக் கொழும்புச் சங்கமொன்று முன்வந்தது. போக விரும்புபவர் தம் ஊரில் பொதுக்கூட்டம் கூட்டி, ஆயுதக் குறைப்பை ஆதரிக்கும் தீர்மானத்தில் எல்லாச் சமூகத்தாரின் கைச்சாத்தையும் பெற்று அனுப்பவேண்டும். தகுதியுள்ளவன் நானே என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை.

பாடசாலை மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். அதன் மேடை மேற்குச் சாளரத்தைப் பார்த்திருந்தது. முடிவுரையின்போது பேசுபவன் முகத்தில் ஒளி விழவேண்டும் என்பது நான் பயின்ற மேடைக்கலை. ஆகவே பொழுது சாயும் வேளையில் முடிவுரை வரும்படி, கடிகாரத்தைப் பார்த்து ஏழு நாள் ஒத்திகை செய்தேன். அந்த வேளையில் இந்த ஊர் என்ன செய்யும் என்பதைக் கொழும்பு விடுதியில் எங்கோ தொலைத்திருந்தேன்.

மண்டபம் நிரம்பியது. என் தந்தையும் அவரோடு கரைவலை இழுக்கும் கத்தோலிக்கரும் ஒருபுறம். தீவிலேயே அடுத்த ஊரான தாராபுரத்துக் கடைக்காரரும் அவருடன் வந்த முஸ்லிம்களும் மறுபுறம். ஒரு மணிநேரம் அசையாமல் கேட்டார்கள். சூரியன் சாளரத்துக்கு இறங்கியது. முடிவுரையைத் தொடங்கினேன்.

மாதா கோவில் மணி அடித்தது. ஒருபுறத்தார் எழுந்து, சிலுவை அடையாளம் இட்டு, கண்களை மூடிச் செபிக்கத் தொடங்கினார்கள். மணியோசை ஓயுமுன் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எழுந்தது. மறுபுறத்தார் கதிரைகளை விட்டெழுந்து ஓசையின்றி வெளியேறினார்கள். எந்தச் சத்தத்துக்கும் முடிவுரையை நிறுத்தாதவனே வெல்வான் என்று பயின்றவன் நான். நிறுத்தவில்லை. மூடிய கண்களுக்கும் வெறுங்கதிரைகளுக்கும் நடுவே, முகத்தில் அந்தி ஒளி விழ, தீர்மானத்தை முழுவதும் வாசித்து முடித்தேன். கைதட்ட எவருமில்லை.

செபித்தவர்கள் அமர்ந்தார்கள். சிறிது நேரத்தில் தொழப் போனவர்களும் திரும்பி வந்து, அவரவர் இடத்திலேயே இருந்தார்கள்.

"தம்பி, முடிஞ்சுதோ?" என்றார் கடைக்காரர்.

"ஓம் காக்கா," என்றேன், அவர்கள் வழக்கப்படி அவரை அண்ணனென்று அழைத்து.

"அந்தக் கடைசித் துண்டை இன்னொருக்காச் சொல்லுங்கோ. கேக்காததுக்கு எப்பிடிக் கைச்சாத்து வைக்கிறது?"

"மேடைப் பேச்சை ரெண்டு தரம் பேசிறதில்லை."

"ஜெனீவாவில துரைமார் சாப்பிட எழும்பிப் போனா, திரும்பி வந்து விட்ட இடத்தில இருந்து பேசமாட்டினமோ?"

இருபுறத்தாரும் சிரித்தார்கள். என் தந்தை மட்டும் சிரிக்கவில்லை.

"அவனுக்கு மணியும் கேக்கேல்லை, பாங்கும் கேக்கேல்லை," என்றார். "தன்ர குரல்தான் கேட்டது."

தீர்மானம் பத்து வரிகள்தான். இன்னொரு முறை வாசித்திருந்தால் அத்தனை பேரும் ஒப்பமிட்டிருப்பார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். வழிவிட்டார்கள். எவரும் என்னோடு நடந்து வரவில்லை.

வேறொருவர் கப்பலேறினார். சில மாதங்களுக்குப் பின், ரயில் நிலையத்தில் நின்று செய்தித்தாளைப் பிரித்தேன். மாநாடு ஒத்திவைக்கப்பட்டது, பிரதிநிதிகள் மீண்டும் கூடுவர் என்றிருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சைக்கிளில் தாராபுரம் வரை போனேன். கடைக்காரர் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர் தலைநிமிர்ந்தார்.

"தம்பி, அந்தக் கடைசித் துண்டு?"

தாள் என் சட்டைப்பையில்தான் இருந்தது. தலையை மட்டும் அசைத்துவிட்டு, சைக்கிளை நிறுத்தாமல் கடற்கரைப் பக்கம் திரும்பினேன்.