மாது சர்வேயரின் இரண்டு மில்லிமீட்டர்

எழிலரசியின் கணவர் மாது, பென்னாகரத்தில் ரிட்டயரான சர்வேயர். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் நிலத்தை அளந்தவர். வேலைதான் போனது, திமிர் போகவில்லை. கல்யாணப் பந்தியில்கூட, "இலை வரிசை நாலு விரக்கடை கோணல்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

இந்த மகா அளவுக்காரர் மாடி அறையில் பொம்மை ரயில் போட்டார். பொம்மை என்றால் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். பெரிய மேசை, அதன்மேல் சுண்ணாம்புக் கலவையில் வத்தல்மலை, மலைக்குள் சுரங்கம், சுரங்கத்தின் தலைமேலேயே ஒரு பாலம். நிஜ வத்தல்மலைக்கு பஸ் ஏறுவதே பெரும்பாடு. இவர் அதைக் குடைந்து ரயிலே விட்டுவிட்டார்!

அந்த அறை எழிலரசிக்கு வேண்டியிருந்தது. பத்து வருஷமாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறாள். போன ஐப்பசிச் சாரலில் கோகிலா டீச்சரின் பட்டுத்துணி நனைந்து சாயம் இறங்கிப் போனது. அன்றைக்கு அவள் அழுதது அவளுக்குத்தான் தெரியும். அறையைக் கேட்டாள். ஆயுத பூசையன்று ரயில் எங்கும் முட்டாமல் ஒரு சுற்று வந்துவிட்டால் அறை தனக்கு, முட்டினால் அவளுக்கு என்று மாதுவே வார்த்தை விட்டார்.

நீளமான பெட்டி வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும், முனை வெளியே துருத்தும். அதற்காகப் பெட்டியில் பென்சிலைக் கட்டி, கையால் தள்ளிக் கோடு போட்டுப் பார்த்தார். அதுவரை சரிதான். ஆனால் அந்தக் கோட்டுக்கும் சுரங்கச் சுவருக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர், உள்ளே பாலத்துக்கு அடியில் இன்ஜினின் தலைக்குமேல் இரண்டு மில்லிமீட்டர், அவ்வளவுதான் விட்டார். சுரங்கத்தை உயர்த்தினால் பாலத்தையும் உயர்த்த வேண்டுமாம், ஏற்றம் கூடி ரயில் வழுக்குமாம்.

"ஏனுங்க, ரவிக்கைக்கே நான் லூஸ் வுட்டுத்தான் வெட்டறேன். கை தூக்கணும், மூச்சு வுடணுமில்ல?"

"ரயிலு சோறு தின்னு குண்டாவுமா? போய்க் காஜா எடு புள்ள. அளவப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டா!"

"உள்ள மாட்டிக்கிச்சுன்னா எடுக்கறதுக்கு ஒரு ஓட்டையாச்சும் வையுங்க."

"மாட்டாது."

'அளவு தெரிஞ்ச மூஞ்சியப் பாரு' என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

ஆயுத பூசை வந்தது. எழிலரசி தன் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள். மாது குளித்துவிட்டு, கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்து இன்ஜினுக்கு அப்பினார். அவர் விரல் பெரிசு, இன்ஜினின் நெற்றி சிறிசு. சந்தனம் கூரைமேல் ஏறி மேடாக உட்கார்ந்தது. சொல்லிவிடலாமா என்று எழிலரசிக்கு நாக்கு நுனிவரை வந்தது. 'காஜா எடு' என்றது ஞாபகம் வர, வாயை மூடிக்கொண்டாள். பூசை முடிவதற்குள் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது.

சாட்சிக்கு கோகிலா டீச்சரையும் கூப்பிட்டிருந்தார்கள். ரயில் ஜம்மென்று கிளம்பிப் பாலத்தைத் தாண்டி, வளைந்து இறங்கிச் சுரங்கத்துக்குள் போனது. போனது போனதுதான். உள்ளே உர்ரென்று சத்தம், அப்புறம் கருகல் வாசனை. மாது பதறி ஒயரைப் பிடுங்கினார். சுரங்க வாயில் இரண்டு விரலுக்குமேல் நுழையவில்லை.

"சந்தனத்துக்கெல்லாம் எவனாச்சும் இடம் வுடுவானா?" என்று கத்தினார்.

"பூசை போடற வூட்டுல சந்தனம் இல்லாம ஓடுமாங்க?" என்று சொல்லி எழிலரசி சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாதுவே தன் வத்தல்மலையை உடைத்து இன்ஜினை எடுத்தார்.

மறுவாரம் மெஷின் மாடியேறியது. ஐப்பசி மழை கொட்டியது, ஒரு துணியிலும் பொட்டு ஈரமில்லை. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது மாது சட்டைத்துணியோடு வந்து வாசலில் நின்றார்.

"வயித்துக்கிட்ட கொஞ்சம் லூஸ் வுட்டுத் தையி புள்ள."

எழிலரசி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"ஏனுங்க, ரெண்டு மில்லி போதாதுங்களா?"