ஓநாய் விழித்திருந்த கல்

பர்கூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய கிரானைட் பட்டறையில் ரேவதிக்கு ரப்பர் ஸ்டென்சில் ஒட்டும் வேலை. எல்லாம் ஐரோப்பாவுக்குப் போகும் கல்லறைக் கற்கள். கல்லில் ஒட்டிய ரப்பரில் எழுத்தை மட்டும் உரித்துவிட்டால், அந்த இடத்தை மணல் பீச்சிக் குடைந்துவிடுவார்கள். எட்டு வருஷம் உரித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "ஏதோ லத்தீனாம், நமக்கெதுக்கு?" என்பார் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார். எழுத்துகளை வரைந்து அடுக்கும் மேஜை வேலையை இரண்டு முறை கேட்டாள். அதற்கும் அதே "நமக்கெதுக்கு" தான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

2005இல் கிருஷ்ணகிரி பழைய பேப்பர் கடையில் லத்தீன் பாலபாடம் ஒன்று கிடைத்தது. பன்னிரண்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு முட்டி மோதினாள். முதல் பாடங்கள் தண்ணி காட்டின. பிறகு படத்தோடு ஒரு கதை வந்தது: ஓடையில் மேலே ஓநாய், கீழே ஆட்டுக்குட்டி. அட, இது இரண்டாம் வகுப்பிலேயே கேட்ட கதையாயிற்றே! கதை தெரிந்ததால் சொற்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. லூபுஸ் என்றால் ஓநாய். அடுத்த கதையில் லெயோ என்றால் சிங்கம். மத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். கற்களில் வரும் குடும்ப வாசகங்களை நோட்டில் எழுதி, அந்தக் கதைகளை வைத்தே பொருள் பிரித்தாள். புரியாமல் ஒன்றையும் விடமாட்டாள், அப்படியொரு பிடிவாதக்காரி.

மறு வருஷம் ஒரு லோடில் இரண்டு குடும்பத்துக் கற்கள் போக வேண்டியிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு பலகை: ஒன்றில் குடும்பச் சின்னமான மிருகம், மற்றதில் வாசகம். கடைசியாகக் கழுவியதில், எதற்கு எது ஜோடி என்று காட்டும் சாக்பீஸ் நம்பர்கள் அழிந்துபோயின. பேக்கிங் கரியப்பன் கவலைப்படவில்லை. புள்ளியும் நிறமும் பார்த்து ஜோடி சேர்ப்பது கல்லுக்காரர் வழக்கம். அப்படியே சேர்த்து ஒரு பெட்டிக்கு ஆணி அடித்துவிட்டார்.

திறந்திருந்த மற்ற பெட்டியை ரேவதி எட்டிப் பார்த்தாள். பிடரி மயிரோடு சிங்கம். பக்கத்துப் பலகையில் 'லூபுஸ் விகிலாட்'.

"அண்ணா, ஆணி அடிக்காதீங்க! சிங்கத்துப் பக்கத்துல ஓநாய் விழிச்சிருக்குதுன்னு எழுதியிருக்குது. ஜோடி மாறிப்போச்சு."

"ஒரே பாறை மாதிரி ஒத்துக்கிச்சேம்மா, பாரு!" என்றார் கரியப்பன்.

ஹரீஷ்குமாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்டெய்னர் நிக்குது, ரேவதி. பெட்டியப் பிரிச்சுத் தப்பாப் போனா, நாளைக்கு நீ வேலைக்கு வராத. ஒத்துக்கறியா?"

ரேவதி நகரவில்லை. "ஒத்துக்கறேங்க சார். சரியா இருந்தா அந்த மேஜை எனக்கு. நீங்க ஒத்துக்கறீங்களா?"

ஆணியைப் பிடுங்கினார்கள். உள்ளே ஓநாய். பக்கத்தில் 'லெயோ நோன் டோர்மிட்'. சிங்கம் தூங்குவதில்லை என்று படித்துச் சொன்னாள். ஓசூர் ஆபீசிலிருந்து முழு ஆர்டரை ஃபேக்ஸில் வரவழைத்துப் பார்த்தார்கள். அவள் சொன்னதுதான் சரி.

மறுநாள் காலை ரேவதி மேஜையில் உட்கார்ந்தாள். ஹரீஷ்குமார் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டம்மா?"

"நீங்க நமக்கெதுக்குன்னு கேட்டீங்களே, அங்கதாங்க சார் ஆரம்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கல்லுக்கான தாளை எடுத்தாள்.