அம்மாவுக்கு மாட்டிவிட்ட பட்டுப்புடவை

அம்மாவின் காரியத்துக்குச் சில நாள் இருக்கும்போது, அண்ணன் ஒரு பெரிய படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். கூடத்தில் மாட்டுவதற்காகத் தருமபுரியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் செய்தது. காகிதத்தைப் பிரித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முகம் மட்டும்தான் அம்மா. கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தி. அரக்கு நிறப் பட்டுப்புடவை, கையகலச் சரிகை, மார்பில் புரளும் சங்கிலி. முகத்தையாவது விட்டுவைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. கறுத்த தோலை வெளுத்துவிட்டு, முன்பல்லில் இருந்த சின்னப் பள்ளத்தையும் அடைத்திருந்தார்கள்.

அந்தப் பள்ளம் நூல் கடித்து வந்தது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும், எடுக்க மாட்டாள். தைத்து முடித்ததும் குனிந்து நூலைப் பல்லால் நறுக்கென்று கடிப்பாள். கடித்துக் கடித்தே பல் தேய்ந்துபோயிருந்தது. அவள் சிரித்தால் முதலில் தெரிவது அதுதான்.

அம்மா காசுக்குத் தைத்தவள் இல்லை. கடத்தூர் தையல் கடைகளில் கழித்துப் போடும் கட் பீஸ்களைக் கேட்டு வாங்கிவந்து பை பையாகச் சேர்த்துவைப்பாள். அவளுடைய ரவிக்கையில் ஒரு கை பச்சையாக இருக்கும், இன்னொரு கை புள்ளி போட்ட மஞ்சள். முதுகில் மூன்றாவதாக ஒரு துணி. துணி பத்தவில்லையா என்று யாராவது கேட்டால், "பத்துச்சுங்க. ஒரே கலரு சலிச்சுப்போச்சு" என்பாள். சோளக்காட்டில் நிறுத்தும் பொம்மைக்குக்கூடப் பாக்கெட் வைத்த சட்டை தைத்து, அதில் கைக்குட்டையும் மடித்துவைத்தாள். ரோட்டில் போன ஒருவர் அந்தப் பொம்மையிடம் வழி கேட்டுவிட்டுப் பதில் வராததால் கோபித்துக்கொண்டு போனார் என்று ஒரு கதையும் சொல்வாள். அதில் பாதிக்கு மேல் அவள் கட்டிவிட்டதாகத்தான் இருக்கும்.

நான் அண்ணனுக்கு அனுப்பியது, போன பொங்கலுக்கு மாமரத்தடியில் எடுத்த படம். பச்சையும் மஞ்சளுமாய் ரவிக்கை, வாய் நிறையச் சிரிப்பு. அது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அத எப்படி மாட்றது பாப்பா? நாலு பேரு வர்ற வூடு. ஒட்டுப்போட்ட ரவிக்கையோட மாட்டினா, புள்ளைங்க ஒரு நல்ல துணி எடுத்துத் தரலன்னுதான் பேசுவாங்க."

அவன் எடுத்துத் தராமல் இல்லை. முதல் போனஸ் வந்தபோது சேலத்துக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்துவந்தான். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள், நெய்தவன் கையைப் புகழ்ந்தாள், அடுத்த வாரமே வெட்டி அவனுடைய மகளுக்குப் பாவாடை தைத்துவிட்டாள். அதைத்தான் இப்போது சொன்னான். ஒரு நாளாவது அவள் அதைக் கட்டியிருக்கலாம் என்றான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக, செத்த பிறகு பிடித்துவைத்துக் கட்டிவிடுவதா?

மறுநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, நல்ல லட்சணம் என்றார். அது எங்கள் அம்மா இல்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டூடியோவில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எடுத்துப்போக ஆள் வராத படங்களைச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். எல்லாம் வெவ்வேறு வீட்டு அம்மாக்கள். எல்லோருக்கும் அதே அரக்குப் பட்டு, அதே சங்கிலி.

"அக்கா, எல்லாரும் இதத்தாங்க கேக்கறாங்க. அம்மான்னா இந்தப் புடவைங்க, அப்பான்னா வெள்ளச் சட்டைங்க" என்றார் கடைக்காரர்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை. அம்மா உயிரோடு இருந்தவரை, ஊர் முழுக்கத் தேடினாலும் அவள் ரவிக்கை மாதிரி இன்னொன்று கிடைக்காது. கண்ணை மூடியதும் யூனிஃபார்ம் மாட்டி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். வேறு படம் போட்டுத்தரக் கேட்டேன். முகூர்த்த வேலை குவிந்து கிடக்கிறது, காரியத்துக்குள் முடியாது என்றுவிட்டார்.

திரும்பி வந்து படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன். இதை மாட்டினால் நான் காரியத்துக்கு நிற்காமல் அதியமான்கோட்டைக்கு, என் வீட்டுக்கே போய்விடுவேன் என்றேன். மாட்டத்தான் போகிறேன் என்றான் அண்ணன். எதை நினைத்து இந்தப் பிடிவாதம் என்று அண்ணி இருவரையும் திட்டினாள்.

அண்ணன் மகளும் அங்கேதான் இருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். சின்னதிலிருந்து எங்கள் அம்மாவோடு கட் பீஸ் பைக்குச் சண்டை போட்டே வளர்ந்தவள். இருவருக்கும் ஒரே துண்டின்மேல்தான் கண் விழும். படத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அம்மா போனபிறகு அந்த வீட்டில் அந்தச் சத்தம் அன்றுதான் கேட்டது. அண்ணன் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

காரியத்தன்று காலையில் படம் கூடத்துக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றி, காகிதப் புடவையின் மேல் நிஜத் துணியைத் தைத்து ஒட்டியிருந்தாள். பச்சையில் ஒரு கை, புள்ளி மஞ்சளில் ஒரு கை. சங்கிலி மறைந்துபோயிருந்தது. முன்பல்லில் பேனா முனையால் அந்தப் பள்ளத்தைச் சரியான இடத்தில் வரைந்திருந்தாள். வெளுத்த முகத்துக்கு மட்டும் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அண்ணன் கிட்டே போய்த் தோளில் மடிப்பு வைத்திருந்த புடவைத் துணியைத் தொட்டான். மாம்பழ நிறப் பட்டு.

"இது நான் எடுத்துத் தந்ததாச்சே."

"ஆமாம்ப்பா, என்னோட பழைய பாவாடை" என்றாள் அவள். "ஆயா இப்பக் கட்டிக்கிச்சு."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துச் சுத்தியல் எங்கே என்று கேட்டான்.