ஒரே பட்டு கட்டிய தெரு

என் கல்யாணத்துக்கு அம்மாவின் முகூர்த்தப் பட்டைத்தான் கட்டப்போகிறேன் என்று சென்னையில் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பழைய பட்டு, புது ரவிக்கை. தோழிகள் பொறாமைப்பட்டார்கள். எனக்கும் கர்வம்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கம்பெனி வேனில் பட்டாசு வேலைக்குப் போய்வந்து என்னைப் படிக்கவைத்த அம்மாவின் சேலை, சிவகாசியில் பெரிய மண்டபத்தில் என் உடம்பில் மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்கு வந்து கேட்டபோது அம்மா உடனே தரவில்லை. "இத்துப்போயிருக்கும், புதுசு எடுப்போம்" என்றார். நானே பெட்டியைத் திறந்து எடுத்தேன். இத்துப்போகவில்லை. அரக்கு நிறம், பச்சைக் கரை, கரையில் இரண்டிரண்டாக மாங்காய். ஒரு வாரம் நிழலில் காயப்போட்டு, மடிப்பு மாற்றி மாற்றி வைத்தேன். அந்தக் கரை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அதனால்தான் எதிர்வீட்டு அத்தைக்குப் பத்திரிகை கொடுக்கப் போனபோது கண்ணில் பட்டது. அத்தை இரத்த உறவு இல்லை, தெரு உறவு. கல்யாணமான வருடமே கணவரை வெடிவிபத்தில் இழந்தவர். மாமாவின் படம் மாலையோடு சுவரில் தொங்கும். வேறு படம் இல்லாததால் கல்யாணப் படத்தில் மாமாவை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கியது. சின்ன வயதிலிருந்து பார்த்த படம். அன்றுதான் ஓரத்தைப் பார்த்தேன். வெட்டும்போது தப்பிய அத்தையின் தோள், ஒரு விரல் அகலத்துக்கு. அதில் பச்சைக் கரை. இரண்டிரண்டாக மாங்காய்.

அத்தை கொடுத்த காப்பியை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமா, அதே சேலதான். அப்பல்லாம் இந்தத் தெருவுல அம்புட்டு பேரும் அதக் கட்டித்தான் தாலி வாங்குனோம்."

"உன் சேலைன்னுல்ல நெனச்சேன்!"

"பட்டு கட்டிக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போகமுடியுமா? ஒரசுனா பொறி வரும்னு வாசல்லயே திருப்பி அனுப்பிருவாக. நூல் சேலதான் கட்டணும். வருசம் பூராம் வேலைக்குப் போறவளுக்குப் பட்டு ஒருநாள் கூத்து. அதான் எல்லாரும் சேந்து ஒண்ணு எடுத்தோம்."

அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எதிர்வீட்டு மதினி வீட்டுக்காரரு போனபெறகு அத ஒருத்தியும் தொடல. மதினி மொகத்துக்கு நேரயே வேண்டாம்னாளுக. அடுத்த கல்யாணம் எனக்கு. நான் கட்டுனேன். அப்பறம் அவளவளுக்குத் தனியா எடுத்துக்கிட்டாளுக. சேல நம்ம வீட்டுலயே கெடந்துருச்சு."

"அப்ப நான் கட்டுனா என்ன? அப்பா நல்லாத்தான இருக்காரு?"

"நல்லா இருக்காரு. தெனமும் பொழுசாய அவரு தல வாசல்ல தெரியுற வரைக்கும் நான் பட்டது ஒனக்குத் தெரியாது. நீ படவேண்டாம் தாயி."

அப்பாவும் கம்பெனியில்தான், லோடு ஏற்றும் வேலை. கம்பெனிகள் இருக்கும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் ஓடுவார்கள். அம்மாவின் ஓட்டத்துக்குள் ஒரு சேலை இருந்தது எனக்குத் தெரியாது.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல வாய் திறந்தேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், வெடிமருந்தைக் கண்ணால் பார்க்காதவர். இருந்தும் கட்டிலில் கிடந்த சேலையைத் தொடக் கை போகவில்லை. அம்மா சொன்னதைவிட அதுதான் என்னை அதிரவைத்தது. இத்தனை படித்த பிறகும் எனக்குள் இந்தப் பயம் எங்கே உட்கார்ந்திருந்தது?

மறுநாள் காலை புதுப் பட்டு எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அத்தை உள்ளே வந்தார்.

"வாங்க மதினி, சாப்பிட்டீகளா?" என்றார் அம்மா, அவசரமாக.

"ஆச்சு. சேல எடுக்கப் போறீகளாக்கும். நல்லது, நல்லது." சிரித்துக்கொண்டே சொன்னார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. "இல்ல அத்த, நான் பழசத்தான் கட்டப்போறேன்" என்றேன். அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

அத்தையின் சிரிப்பு போய்விட்டது. "எதுக்கு? என்மேல எரக்கப்பட்டா? இல்ல, படிச்ச புள்ளன்னு ஊருக்குக் காட்டவா? ரெண்டுக்கும் நான் ஆளில்லத்தா."

இரண்டுமே கொஞ்சம் உண்மை. "பயமாத்தான் இருக்கு அத்த. ஆனா சேல பிடிச்சிருக்கு. வேற எதக் கட்டுனாலும் இத நெனச்சுக்கிட்டேதான் உக்காந்திருப்பேன்."

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சேலையைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த புது ரவிக்கையைத் தூக்கி விரித்துப் பார்த்தார்.

"இதென்னத்தா, முதுகுல சன்னல் வச்சிருக்க? காத்து வரவா?"

அம்மாதான் முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கடைக்குப் போகவில்லை.

கல்யாணத்தன்று அந்தப் பட்டைக் கட்டி மணையில் உட்கார்ந்தேன். எங்கள் தெருப் பெண்கள் ஒரே வரிசையில் இருந்தார்கள். சேலையைக் கண்டதும் பேச்சு அடங்கியதை மேடையிலிருந்தே உணர முடிந்தது. அவர்கள் நடுவில் அத்தை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

தாலி ஏறிய நேரம் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். எங்கள் ஊர்க் கல்யாணம், அது இல்லாமல் இருக்காது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் என் உடம்பு தூக்கிப்போட்டது. சத்தம் ஓய்ந்தபோது என் இரண்டு கையும் பக்கத்தில் இருந்த கணவரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன.

"கைய எடுத்துட்டு இங்க பாருங்க மேடம்" என்றார் புகைப்படக்காரர்.

கையை எடுக்காமலேதான் பார்த்தேன்.