நாலாம் சுற்றுத் தியாகராஜா

பெயர்ப் பட்டியல் கைக்கு வந்ததும் முதல் எட்டுப் பெயரையும் உள்ளங்கையால் மூடிவிட்டு, அதற்குக் கீழேயிருந்துதான் தியாகராஜா படிக்கத் தொடங்குவார். மேலே நிற்கிற கெட்டிக்காரரை ஊரே பார்க்கும், கீழே நிற்கிறவனை ஆர் பார்ப்பது என்பது அவருடைய எண்ணம்.

லண்டன் தமிழ்க் கழகங்களின் கோடைக் கால்பந்துப் போட்டிக்கு, ஒவ்வொரு சித்திரையிலும் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியிலுள்ள ஒரு மண்டபத்தில் ஆள் பிரிப்பார்கள். ஆறு அணி, அதில் ஒன்றுக்குத் தியாகராஜா பொறுப்பு. சீட்டு விழுந்த வரிசையில் சுற்றுக்கு ஓர் ஆளாக எடுக்க வேண்டும். ஆள் எடுக்கும் தங்கள் முறையை ஒருவருக்கொருவர் கைமாற்றவும் செய்யலாம். நடுச் சுற்றுகளில் இரண்டை விட்டுக்கொடுத்தால் முதற் சுற்றில் முன்னுக்கு ஏறலாம். தியாகராஜா ஏறினதே இல்லை. இறங்கி இறங்கி நடுவில் நாலைந்து முறையாகச் சேர்த்துக்கொள்வார்.

“ஒருத்தனை நம்பி, அவன்ரை கால் பிரண்டால் என்ன செய்யிறது? நாலு பேர் எண்டால் ரெண்டு பேராவது நிப்பாங்கள்.”

வீட்டிலும் அப்படித்தான். நல்ல குடை ஒன்று வாங்கமாட்டார், சுமாரான குடை மூன்று வாங்குவார். “என்னைப் பொம்பிளை பாத்திட்டும் இன்னும் மூண்டு பேரைப் பாத்திட்டுத்தான் இவர் ஓம் எண்டவர்,” என்று மனைவி சிவனேஸ்வரி நோர்பரிக் கடைகளில் சொல்லிச் சிரிப்பார்.

நடுச் சுற்றில் கிடைத்தவன்தான் துஷாந்தன். முழங்கால் நோவென்று மூன்று வருடமாக ஒருவரும் அவனைத் தொடவில்லை. மூன்று முறையும் நாலாம் சுற்றில் தியாகராஜாவே எடுத்தார். அந்தக் காலுக்கு எண்ணெய் பூசிவிட்டார், பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தார். பிள்ளையார் கைவிடவில்லை. கால் சுகமானது.

இந்தச் சித்திரையில் அவன் வந்து, “அண்ணை, ஆவணியில குடும்பத்தோடை கனடாவுக்குப் போறன். கடைசி வருசம் உங்களோடையே விளையாட வேணும்,” என்றான்.

“நீ வேறை எங்கை போகப் போறாய்? எங்களோடைதான்,” என்று வாக்குக் கொடுத்தார்.

சீட்டில் அவருக்கு ஐந்தாம் இடம் விழுந்தது. மூன்றாம் இடம் விழுந்த இன்னோர் அணிப் பொறுப்பாளர் பாலேந்திரா பக்கத்தில் வந்து இருந்தார். “தியாகு, உன்ரை நாலாஞ் சுற்றையும் அஞ்சாஞ் சுற்றையும் தா, என்ரை இடத்தைத் தாறன். தராட்டி துஷாந்தனை நான் எடுத்திடுவன். பிறகு முகத்தை நீட்டக்கூடாது.”

“ஒருத்தனுக்கு ரெண்டு பேரோ? அவன் எப்பவும் என்னட்டைத்தானே வாறவன்.”

“அது நொண்டிக் காலோடை, மச்சான்.”

பட்டியலின் நடுவில் இரண்டு பெயருக்குப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தார் தியாகராஜா. அந்த இரண்டையும் விட மனம் வரவில்லை. “பாப்பம்,” என்றார். பாலேந்திரா எழுந்து போய்த் துஷாந்தனின் பெயரைச் சொன்னார். பின்னால் நின்ற துஷாந்தன் தியாகராஜாவை ஒருமுறை பார்த்தான். பிறகு பாலேந்திராவின் மேசைக்கு நடந்தான்.

வட்டம் போட்ட இருவரும் அவருக்கே கிடைத்தார்கள். நல்ல பெடியள்தான், ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் கோயிலில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கும்பிடுகையில், துஷாந்தனின் பெயர் வந்தால் தியாகராஜாவுக்கு நாக்குக் கூசுகிறது. “வாயாலை ஓம் எண்டிட்டு, கையிலை ரெண்டு பேரை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன்,” என்று சிவனேஸ்வரியிடம் மட்டும் சொன்னார்.

போன ஞாயிறு ஸ்ட்ரெதம் மைதானத்தில் இவருடைய அணியும் பாலேந்திராவின் அணியும் மோதின. மழை. தியாகராஜாவின் அணி ஒரு கோல் முன்னால் நின்றது, ஐந்து நிமிடம்தான் மீதி. பந்து எல்லையைத் தாண்டி உருண்டு வந்து அவருடைய காலடியில் நின்றது. அதை உள்ளே எறிய ஓடிவந்தவன் நீலச் சட்டை போட்ட துஷாந்தன்.

“குடுக்காதேங்கோ அண்ணை, நேரம் போகட்டும்,” என்று அவருடைய ஆட்கள் கத்தினார்கள்.

தியாகராஜா குனிந்து பந்தை எடுத்தார். சேற்றில் வழுக்கியது. ஜக்கெட்டைத் திறந்து, உள்ளே நனையாமல் இருந்த வெள்ளைச் சேட்டில் அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் அவனிடம் நீட்டினார்.